மூன்றாம் சுற்றில் ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவனின் வீட்டில் காகிதங்களைத் தவிர வேறு என்ன சேர்ந்திருக்கும்? அண்மையில் வீடு மாற நேர்ந்தபோது பழைய கோப்புகளைத் தரம்பிரிக்க உட்கார்ந்தேன். பெரும்பாலானவை குப்பைக்கே உரியவை. அவற்றுக்கிடையே, பழுப்பேறிய கடித உறையொன்று அகப்பட்டது. பலாங்கொடைத் தபால் முத்திரை, 1979ஆம் ஆண்டு. உள்ளே கோடிட்ட கொப்பித் தாள்கள் இரண்டு. அத்தாள்களின் மடிப்புக்குள் வெள்ளை நூலால் பின்னப்பட்ட, உள்ளங்கையளவு வட்டங்கள் இரண்டு. ஒன்று தட்டையாகக் கிடந்தது. மற்றது சேவலின் கொண்டையைப்போல ஓரமெல்லாம் நெளிந்து நின்றது.

கடிதத்தை எழுதியவர் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மனைவி. அவருடைய பெயரை இங்கு தரப்போவதில்லை. அக்கடிதம் ஒரு முறைப்பாடு. முறைப்பாட்டுக்குரிய குற்றவாளி நான்.

அந்நாளில் கொழும்புத் தமிழ் நாளிதழொன்றில் உதவி ஆசிரியனாக இருந்தேன். ஞாயிறு இதழின் மாதர் பக்கத்தைப் பார்த்துவந்த அம்மையார் நீண்ட விடுப்பில் சென்றிருந்தார். பக்கம் வெறுமையாகப் போகக்கூடாது என்று அது என் தலையில் கட்டப்பட்டது. ஊசியைக் கையால் தொட்டறியாத நான், அமெரிக்கச் சஞ்சிகையொன்றிலிருந்த குரோஷே மேசைவிரிப்பு மாதிரி ஒன்றை, பிரித்தானிய அகராதியின் துணைகொண்டு தமிழாக்கினேன். அங்கேதான் பிழை நேர்ந்தது. குரோஷே வேலையில் அமெரிக்கர் ‘இரட்டை’ என்று சொல்லும் பின்னல் வேறு, பிரித்தானியர் ‘இரட்டை’ என்று சொல்வது வேறு. பெயர் ஒன்று, கண்ணியின் உயரம் இரண்டு. பிரித்தானியரின் இரட்டை, அமெரிக்கரின் ஒற்றைக்குத்தான் சமம். நான் எழுதியபடி பின்னினால் ஒவ்வொரு சுற்றும் உயரம் குறைந்து போகும். கண்ணிகளின் எண்ணிக்கையோ குறையாது. சிறிய வட்டத்துக்குள் பெரிய ஓரத்தை அடைத்தால் அது நெளியத்தானே செய்யும்?

அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்க வழக்கும் பிரித்தானிய வழக்கும் தெரிந்திருக்க நியாயமேயில்லை. பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணி மூன்று தடவை அவிழ்த்துப் பின்னியதாகவும், நான்காம் முறை ‘பத்திரிகையே தவறாயிருக்கக்கூடும்’ என்று தோன்றியதாகவும் எழுதியிருந்தார். எந்தச் சுற்றில் தவறு தொடங்குகிறது, எப்படிப் பின்னினால் சரிவரும் என்பதையும் விளக்கி, தவறானதையும் சரியானதையும் பின்னியே அனுப்பியிருந்தார். திருத்தம் வெளியிட வேண்டும் என்று ஆசிரியபீடத்தில் கேட்டேன். அமைச்சரின் பேச்சைத் தவறாகப் போட்டால் திருத்தம் போடலாம், மேசைவிரிப்புக்கெல்லாம் போடுவதில்லை என்று விடை வந்தது. நானும் வற்புறுத்தவில்லை. கடிதம் என் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

இத்தனை ஆண்டுகளின் பின் அதைப் படித்தபோது அப்போது என் கண்ணில் படாத ஒரு வரி பட்டது. இந்த வேலையைத் தனக்குக் கற்றுத் தந்தவர் தன் பெரியம்மா என்றும், அவர் இறக்குவானைப் பக்கத்துப் பங்களாவொன்றில் ஆயாவாக இருந்து, துரைசாணி பின்னுவதைப் பார்த்தே பழகியவர் என்றும் அதில் இருந்தது. சப்பிரகமுவத் தோட்டப்புற வீடுகளுக்குள் பின்னல் ஊசி நுழைந்த கதையில் பாதி அந்த ஒரு வரியிலேயே அடங்கியிருக்கிறது.

மலையகம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் நுவரெலியாவின் பனியும் அட்டனின் குளிரும்தான் தோன்றும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அவ்வாறல்ல. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பகுதிகளில் இறப்பர் மிகுதி. பெல்மதுளை, காவத்தை, நிவித்திகலைப் பக்கங்களில் தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கும். பலாங்கொடைக்கு மேலேயுள்ள உயர்ந்த மலைகளிலும் இறக்குவானையின் உச்சிகளிலும் மட்டுமே உண்மையான குளிர். மற்ற இடங்களில் புழுக்கமும் மழையும்தான். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிறது. ஆகவே, இங்கு பின்னல் என்றால் முதலில் கம்பளி நூல் அன்று. வெள்ளைப் பருத்தி நூலே. குழந்தையின் தொப்பிக்கும் காலுறைக்கும் மாத்திரம் கம்பளி நூல் வாங்குவார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. கம்பளி இந்த மக்களுக்குப் புதியதன்று. அவர்கள் தோட்டத்துக்கு வந்த நாள் முதலாய்த் தோளில் கிடந்தது அதுதான். தென்னிந்தியாவில் குறும்பர் முதலிய இடையர் குலத்தார் கறுப்பு ஆட்டு மயிரில் நெய்த முரட்டுக் கம்பளியைத் தோட்ட நிர்வாகம் தருவித்து ஆட்களுக்கு வழங்கியது. ஆங்கிலத் துரைமார் கணக்கேடுகளில் அதை ‘கம்ப்ளி’ என்றே எழுதினார்கள். இரவில் போர்வை, பகலில் மழைக்குக் கொங்காணி. இலவசமாக அன்று, அரிசியைப்போல அதன் விலையும் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. இராமேசுவரத்துக் கரையிலிருந்து புறப்பட்ட செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், அரிசி, கம்பளி எல்லாம் ஒரே பற்றில் ஏறின. தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கடனாகப் போர்த்திய கம்பளியோடு வாழ்ந்த வீட்டில், ஆசைக்காக ஒருத்தி நூல் வாங்கிப் பின்னுவது என்பது சிறிய காரியமன்று.

குரோஷே உலகில் பரவிய காலத்தையும் சற்று நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அதன் மாதிரிகள் ஐரோப்பியச் சஞ்சிகைகளில் அச்சேறத் தொடங்கின. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்து அந்த வருவாயில் குடும்பங்களைக் காத்தன. அதே பத்தாண்டில்தான் இலங்கையின் மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. பசிக்குத் தப்பித் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மக்கள் கால்நடையாய் வந்து சேர்ந்தனர். 1876க்கும் 1878க்கும் இடைப்பட்ட தாது வருடப் பஞ்சத்தில் அந்த வருகை பெருவெள்ளமாயிற்று. அயர்லாந்துக்காரியின் கையில் ஊசி கொடுக்கப்பட்டது. நம்மவளின் தலையில் கூடை கொடுக்கப்பட்டது.

தோட்டத் துரைமாரில் பெருந்தொகையினர் ஸ்கொட்லாந்துக்காரர். அவர்களுடைய மனைவியருக்குப் பின்னல் தாய்மொழி போன்றது. குரோஷே நூலுக்குப் பேர்பெற்ற கோட்ஸ் நிறுவனமும் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பிறந்ததே. (நம் சேலைகளின் மாங்காய்க் கரையை ஆங்கிலத்தில் ‘பெய்ஸ்லி’ என்பது இந்த நகரின் பெயரால்தான். காஷ்மீரத்துச் சால்வையைப் பார்த்து நெய்து, பெயரையும் தமதாக்கிக் கொண்டார்கள்.) 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும், போர்வீரர்களுக்காக மூன்று இலட்சம் சோடிக் காலுறைகள் வேண்டுமென்று மேரி அரசியார் வேண்டுகோள் விடுத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கைத் தோட்டத் துரைமாரின் படைப்பிரிவும் கப்பலேறியது. பேரரசெங்கும் பங்களா விறாந்தைகளில் கம்பளி ஊசிகள் ஓயாமல் அசைந்த காலம் அது. பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆயா நின்றாள், பார்த்தாள். கற்பித்தவர் எவருமில்லை. அந்த அம்மையாரின் பெரியம்மா இந்த வழியில் வந்தவர்களுள் ஒருவர்.

இரண்டாவது வழி மிஷன் வழி. நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மோல்ட் அம்மையார் 1820களில் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அது குரோஷே அன்று, திண்டில் குண்டூசிகளைக் குத்திக் கதிர்களில் நூல் சுற்றிப் பின்னும் வேலை. அடிமைச் சிறுமியர் சிலர் அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர் என மிஷன் வரலாறு கூறுகிறது. யாழ்ப்பாணத்தில் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிலும் தையல் பாடத்தின் ஒரு பகுதியாயிருந்தது. மலைநாட்டில் 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றிற்று. அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அதில் கூச்சம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது நிர்வாகத்தின் கடமை என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சட்டமாயிற்று. ஆசிரியர் ஒருவர், கூடமொன்று, ஐந்து வகுப்பு. இதுவே தோட்டப் பாடசாலை. அந்த ஆசிரியரின் மனைவி விடுதிப் பாடசாலையில் படித்தவராயிருந்தால் அவரோடு ஊசியும் வந்தது.

ரேந்தை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது போர்த்துக்கீசச் சொல். சிங்களத்திலும் அதே சொல்தான். காலி, வெலிகம கடற்கரையில் சிங்களப் பெண்கள் இன்றும் பின்னும் ‘பீரலு’ ரேந்தையின் பெயரும் போர்த்துக்கீசமே. சப்பிரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு ஒட்டிக் கிடப்பவை. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சொல்லால் வழங்கிய ஒரு கைவேலை இது என்பதை மறந்துவிடக் கூடாது. காவத்தையில் நான் கண்ட ஒரு வீட்டில், கிராமத்துச் சிங்களப் பெண்ணொருத்தி தன் தோழிக்குப் பின்னிக் கொடுத்த தலையணைக் கரை இருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். லயத்துக் காம்பிராக்களில் இந்த வேலை மிக அரிது. நான் பார்த்த பின்னல் வேலைகளிற் பெரும்பாலானவை ஆசிரியர், கணக்கப்பிள்ளை, மருந்துக்காரர், தொழிற்சாலை உத்தியோகத்தர் வீடுகளில் கண்டவை. பெரிய கங்காணி வீடுகளிலும் உண்டு. பால் குவளைக்கு ஓரத்தில் மணி கோத்த மூடி, முக்காலிக்கு வட்ட விரிப்பு, கட்டில் விரிப்பின் கரை, சுவாமிப் படத்துக்கு மேலே தொங்கும் சிறு தோரணம், கத்தோலிக்கக் குடும்பமாயின் மாதா சுரூபத்தின் கீழ் ஒரு துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, வானொலிப் பெட்டிக்கு ஓர் உறை. அந்த உறைக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி வெயிலில் காயவைப்பார்கள். அரிசி பங்கீட்டில் வந்த நாட்களில் அந்தக் கஞ்சிக்கும் வீட்டில் வாதம் நடந்திருக்கும்.

லயத்தில் ஏன் இல்லை? ஆர்வமோ கைத்திறனோ இல்லாமலன்று. இரண்டு விரல்களால் இலையும் அரும்பும் பறிக்கும் வேகத்தைக் கண்டவர் எவரும் அவ்விரல்களின் திறமையைச் சந்தேகிக்க மாட்டார். முதலாவது தடை நேரம். விடியற்காலை பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பினால் தண்ணீர், விறகு, சமையல். இரண்டாவது வெளிச்சம். குப்பி விளக்கின் புகையில் வெள்ளை நூலின் கண்ணியை எண்ணுவது எப்படி? மூன்றாவது, மற்றவர் எண்ணிப் பார்த்திராத ஒன்று: கை. கொழுந்துக் கறை விரலின் வெடிப்புகளில் கறுத்துப் பதிந்துவிடும், சவர்க்காரத்துக்கு இளகாது. இறப்பர்ப் பாலோ துணியில் பட்டுக் காய்ந்தால் துணி கிழிந்தாலும் அது போகாது. அந்தக் கையால் வெள்ளை நூலைத் தொட்டால் நூல் வெள்ளையாக இராது. வெள்ளைப் பின்னல் என்பது, மலைக்குப் போகாத கை இந்த வீட்டில் உண்டு என்று வருவோர்க்குச் சொல்லும் அறிவிப்பு. கணக்கப்பிள்ளை வீட்டு வானொலி உறை வெறும் அலங்காரம் அன்று.

இவற்றையும் மீறிப் பின்னிய லயத்துப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுள் இறப்பர்த் தோட்டத்துப் பெண்களே அதிகம் என்பது என் கணிப்பு. காரணம் மழை. தேயிலை மலையில் மழையானாலும் கொங்காணியைப் போட்டுக்கொண்டு பறிக்க வேண்டும். இறப்பர் மரத்தில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். அன்று வேலையில்லை, வேலையில்லையேல் பேரும் இல்லை, கூலியும் இல்லை. மழைக்காலக் காலைகளில் எட்டியாந்தோட்டைப் பக்கத்து லயங்களின் இஸ்தோப்பில் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பின்னுவதற்கு நேரம் கிடைத்த நாளில் நூல் வாங்கப் பணம் கிடைக்காத வாழ்வு அது. தீபாவளி முற்பணத்தில் வாங்கிய ஒரு பந்து நூலைக் கிழிந்த துணியில் பொதிந்து, பெட்டிக்கு அடியில் வைத்து, மழை நாளில் எடுத்துப் பின்னிய ஒரு தாயை எனக்குத் தெரியும். விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து, சாம்பலால் கழுவி, அதன் பிறகே ஊசியைத் தொடுவார். அந்த ஊசி, பழைய சைக்கிள் கம்பியைத் தோட்டத் தொழிற்சாலைப் பட்டறையில் அராவி வளைத்துச் செய்தது. அவர் பின்னியதெல்லாம் குழந்தைத் தொப்பிகள்தாம். விரிப்பு விரிக்க அவர் வீட்டில் மேசை இல்லை.

1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. நல்ல குரோஷே நூல் அரும்பொருளாயிற்று. பழைய சுவெட்டரை அவிழ்த்து, நூலை நனைத்துச் சுருள் நீக்கி, தேங்காய்ச் சிரட்டையில் சுற்றிக் காயவைத்துப் பின்னுவார்கள். மாப்பைகளின் தையல் நூலைக்கூடப் பிரித்துச் சேர்த்ததுண்டு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின்கீழ்த் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்நாட்களில் பின்னலைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் இருந்திராது. வானொலிப் பெட்டியே விலைபோனபின் உறை எதற்கு?

அதற்கு முன்பே வீடுகள் கலையத் தொடங்கியிருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறிய குடும்பங்களின் தகரப் பெட்டிகளுக்குள் அம்மி, குத்துவிளக்கு, சுவாமிப் படங்களோடு இந்தப் பின்னல்களும் போயின. பலர் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் மலைகளுக்கு அனுப்பப்பட்டனர். தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கேதான். கேகாலைப் புழுக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நீலகிரிக் குளிரில் நடுங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கோத்தகிரிக்குச் சென்றிருந்தபோது, தெரணியகலையில் பிறந்த ஓர் அம்மாள் தம் பேரனுக்குக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். “அங்க ஒத்த ஊசி வேலதான் தெரியும்யா. இங்க வந்துதான் ரெட்ட ஊசி பழகுனேன். படுகப் பொம்பளைங்க காட்டிக் குடுத்தாங்க” என்றார். சொல்லிவிட்டு உள்ளே சென்று, மஞ்சளித்துப் போன வெள்ளை விரிப்பொன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அதை அவர் ஒருநாளும் விரித்ததில்லையாம். முதலில் தரத் தாமதித்த தோட்டத்து வீடு ஈரம் கசிந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது.

போகாதவர்களின் கதி வேறு. 1977 ஓகஸ்டில் ஒரு தடவை, 1981 ஓகஸ்டில் மறு தடவை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரண்டரை மாதத்தில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களின் மீது கும்பல்கள் பாய்ந்தன. லயங்கள் கொளுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் காடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கினர். ஓகஸ்ட் 17ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. அந்த மாத இறுதியில் செய்தி திரட்ட நானும் புகைப்படக்காரர் ஒருவரும் அனுப்பப்பட்டோம்.

பலாங்கொடையை அடைந்ததும் அந்தக் கடிதத்தின் முகவரி என் நினைவுக்கு வந்தது. தோட்டத்தைத் தேடிப் போனோம். பாடசாலைக் கூடத்தின் சுவர்கள் நின்றன. ஆசிரியர் விடுதிக்குக் கூரையில்லை. கருகிய தகரமும் உடைந்த ஓடும் கிடந்த தரையில் நடந்து பார்த்தேன். கோயிலடியில் ஒதுங்கியிருந்த மூதாட்டியொருவரிடம் விசாரித்தேன். “மாஸ்டர் வூட்டம்மாவா? புள்ளயத் தூக்கிக்கிட்டு ஒரு பேக்கோட போனாங்கய்யா. வவுனியாப் பக்கம்னு சொன்னாங்க” என்றார். எழுபதுகளின் கலவரங்களுக்குப் பின் காந்தீயம் போன்ற அமைப்புகளின் துணையோடு தோட்ட மக்கள் பலர் வன்னியில் குடியேறியிருந்தனர். அவர்களோடு இவர்களும் சேர்ந்திருக்கலாம். பிற்காலத்தில் வவுனியாவுக்குப் போனபோதெல்லாம் விசாரித்தேன். அவரை நான் சந்திக்கவேயில்லை.

அந்தக் கோயிலடியில் ஓர் உத்தியோகத்தர் இழப்புப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: தகரம் இத்தனை, பாத்திரம் இத்தனை, ஆடு, கோழி, கட்டில், வானொலி. வானொலி என்று எழுதப்பட்டது. வானொலியின் உறை எழுதப்படவில்லை. சொன்னவர்களுக்கும் அது சொல்லத்தக்க இழப்பாகத் தோன்றவில்லை, எழுதியவருக்கும் தோன்றியிராது. அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து செய்தி எழுதிய எனக்கும் தோன்றவில்லை. எரிந்த காம்பிராக்களின் தொகையைத்தான் எழுதினேன். தோட்டப் பெண்ணுக்கு ஆணோடு சமமான சம்பளமே 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் கிடைத்தது. கூலிக்குச் செய்த வேலைக்கே அந்த நிலை என்றால், கூலியின்றி வீட்டில் செய்த வேலையை எந்தக் கணக்கில் யார் எழுதுவார்?

தோட்ட வரலாறு எழுதுவோர் கொழுந்தின் நிறையையும் ஏற்றுமதி வருமானத்தையும் ஆண்டுவாரியாகத் தருகிறார்கள். நானும் அவ்வாறே எழுதியவன்தான். ஒரு லயத்துப் பெண்ணின் கையில் அரைமணி நேரமும் அரை வெளிச்சமும் மிஞ்சியபோது அவள் என்ன செய்தாள் என்பதற்கு அந்தப் பேரேடுகளில் பத்தியில்லை. கடித உறைக்குள்ளிருந்த இரண்டு நூல் வட்டங்களைத் தவிர என்னிடம் வேறு சான்றும் இல்லை.

இன்று இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் இளம் பெண்கள் பலர் மலைக்குப் போவதில்லை. 1992இல் அரசு தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பின் அந்தத் துறை கிராமப்புறங்களுக்கும் வந்தது. அங்கே பெண்கள் ஒரு நாளைக்கு ஒரே சட்டையின் ஒரே கையை நூற்றுக்கணக்கில் தைக்கிறார்கள். அந்த வீடுகளில் இப்போது மின்சாரமும் தொலைக்காட்சியும் உண்டு. தட்டைத் தொலைக்காட்சிக்கு உறை போட இடமில்லை. ஆயினும் அண்மையில் காவத்தைப் பக்கம் போனபோது, ஒரு வீட்டில் கைத்தொலைபேசிக்குக் குரோஷே உறை கண்டேன். யாரிடம் பழகினாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். யூடியூப்பில் பார்த்ததாகச் சொன்னாள். காணொளியில் பேசியவர் அமெரிக்கரா பிரித்தானியரா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

செய்ய வேண்டிய கடமையொன்று எஞ்சியிருக்கிறது. கடிதத்தில் உள்ளபடியே அதை இங்கு வெளியிடுகிறேன். வன்னியிலோ நீலகிரியிலோ வேறெங்கோ அந்த அம்மையாரோ அவர் பிள்ளையோ இதைப் படிக்க நேர்ந்தால் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

திருத்தம்: 1979இல் ஞாயிறு இதழின் மாதர் பக்கத்தில் வெளியான வட்ட விரிப்பு மாதிரியில் முதல் இரண்டு சுற்றுகளும் சரி. மூன்றாம் சுற்று முதல், கண்ணிக்குள் ஊசியை நுழைப்பதற்கு முன்னர் நூலை ஒரு தடவை ஊசியில் சுற்றிக்கொள்ள வேண்டும். கண்ணிகளின் எண்ணிக்கையை மாற்ற வேண்டியதில்லை. எட்டாம் சுற்றோடு நிறுத்தினால் வானொலிக்கு அளவாக இருக்கும். பன்னிரண்டு வரை போனால் மேசைக்கு.